ஜிகினாவுக்குள் ஒரு ராணி

வணக்கம் நண்பர்களே. இந்த ரிப்பனைக் கொஞ்சம் பாருங்கள், கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன். போன மாதம் திருவிழாக் கடையில் வாங்கியது. ஓரத்து ஜிகினா அதற்குள் உதிர ஆரம்பித்துவிட்டது, விரலெல்லாம் மினுமினுப்பு. இப்படிப்பட்ட பொருளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பழைய சொல் உண்டு: டாட்ரி. பகட்டாக இருக்கும், ஆனால் மட்டமான சரக்கு. இப்போது பழைய நாவல்களில்தான் அதிகம் கண்ணில் படுகிறது.

அந்தச் சொல்லுக்குள் ஒரு ராணியின் பெயர் ஒளிந்திருக்கிறது.

எதெல்த்ரித். ஏழாம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் வடக்கே நார்தம்பிரியாவில் ராணியாக இருந்தவர். அரண்மனையை விட்டுத் துறவியாகி, 673-ல் ஈலி என்ற ஊரில் ஒரு மடம் தொடங்கினார். சுற்றிலும் சதுப்புநிலம், நடுவில் தீவு மாதிரி ஒரு மேடு. அங்கே பிடித்த விலாங்கு மீன்களால்தான் அந்தப் பெயரே வந்ததாம்.

பீட் என்ற துறவி 731-ல் எழுதி முடித்த வரலாற்றில் இவரைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். மடத்துக்கு வந்தபின் கம்பளித் துணி மட்டுமே உடுத்தினார். வெந்நீர்க் குளியல் பெரிய பண்டிகைகளுக்கு முன்னால் மட்டும்தான், அதுவும் மற்ற சகோதரிகளை எல்லாம் குளிக்கவைத்த பிறகு, கடைசி ஆளாக. 679-ல் கழுத்தில் பெரிய கட்டி வந்தது. வைத்தியர் கீறிவிட்டும் பிழைக்கவில்லை. அந்த வேதனையிலும் அவர் என்ன சொன்னார் தெரியுமா? சின்ன வயதில் இந்தக் கழுத்தில் வீணாக நகைகளைச் சுமந்தேன், அதற்குத்தான் இது, பொன்னும் முத்தும் கிடந்த இடத்தில் இப்போது இந்தச் சிவந்த கட்டி என்றாராம். இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மேலே படிக்க ஓடாது.

அப்புறம் அந்த நீளமான பெயர் மக்கள் வாயில் ஆட்ரி என்று சுருங்கியது. ஈலியில் அவருடைய அக்டோபர் 17 திருநாளை ஒட்டிச் சந்தை கூடும். அங்கே பெண்கள் கழுத்தில் கட்டும் பட்டு நாடா விற்றார்கள், செயின்ட் ஆட்ரி லேஸ் என்று. யார் பெயரில், எந்த இடத்தில் கட்டிக்கொள்ள, என்ன விற்றிருக்கிறார்கள் பாருங்கள்! சரி, இப்போது வேகமாகச் சொல்லிப் பாருங்கள். செயின்ட் ஆட்ரி, செயின்டாட்ரி, டாட்ரி. மெய்யின் மேல் உயிர் ஏறும் என்று நம் இலக்கணத்தில் படித்தோமே, அதேதான்.

முதலில் இது வசைச்சொல் இல்லை. 1611-ல் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் 'வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் ஒரு கிராமத்துப் பெண், டாட்ரி லேஸும் வாசனைக் கையுறையும் வாங்கித் தருவதாகச் சொன்னாயே என்று ஒருவனிடம் உரிமையோடு கேட்கிறாள். அவளுக்கு அது ஆசைப்பட்ட பொருள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள், கண்ணைப் பறிக்கும் மலிவுச் சரக்கு எல்லாமே டாட்ரி ஆகிவிட்டது. நகையை வெறுத்த ஒரு பெண்ணுக்கு இது நியாயமே இல்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தம்தான்.

அவருடைய சமாதி மாடத்தை 1541-ல் இடித்துவிட்டார்கள். இன்று ஈலி கதீட்ரலுக்குள், அது இருந்த இடத்தில், தரையில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். புனிதர், ராணி, 673-ல் இந்த இல்லத்தைத் தொடங்கியவர் என்று அதில் இருக்கிறது. பெயரை, எதெல்த்ரித் என்பதன் லத்தீன் வடிவமான எதெல்ட்ரெடா என்று முழுசாகவே செதுக்கியிருக்கிறார்கள்.