கூதிர்க்காலத்தில் கேஸ்கேட் மலைகள்

வணக்கம் நேயர்களே.

தமிழில் பனி என்று ஒரு சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். மார்கழிக் காலையில் புல் நுனியில் நிற்கும் துளியும் பனிதான், இமயத்தில் ஆளை மூடும் அளவுக்குக் கொட்டுவதும் பனிதான். அதனாலோ என்னவோ, மலைக்குளிர் என்றதும் நம் கண்முன் வெள்ளை மலை வந்து நிற்கிறது. இன்று நான் பேச வந்திருப்பது அந்த வெள்ளை வருவதற்கு முந்தைய சில வாரங்களைப் பற்றி. மழையும் வாடையும் கலந்த அந்தப் பருவத்துக்கு நம் முன்னோர் தனியாகவே பெயர் வைத்திருந்தார்கள்: கூதிர். ஐப்பசி, கார்த்திகை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரில், அது செப்டம்பர் கடைசியிலேயே வந்துவிடும்.

அந்த மலைகளின் மேல் ஒரு நடைபாதை போகிறது. பசிபிக் கிரெஸ்ட் டிரெயில் என்று பெயர். மெக்சிகோ எல்லையில் தொடங்கி கலிபோர்னியா, ஓரிகன், வாஷிங்டன் என்று மூன்று மாநிலங்களைக் கடந்து கனடா எல்லையில் முடிகிறது. நீளம் 2,650 மைல், அதாவது ஏறக்குறைய 4,265 கிலோமீட்டர். 1968இல் சட்டம் போட்டு அதை தேசிய நடைபாதையாக அறிவித்தார்கள். முழுவதையும் ஒரே மூச்சில் நடப்பவர்களுக்கு ஐந்து மாதம் போல ஆகும். பெரும்பாலோர் ஏப்ரலிலோ மே மாதத்திலோ தெற்கில் கிளம்புகிறார்கள். அதற்கு முன்னால் கிளம்பிப் பயனில்லை, சியாரா நெவாடா மலைகளில் குளிர்காலப் பனி அப்போதும் கரையாமல் கிடக்கும். ஆக, தெற்கே பனி கரையக் காத்திருந்தவர்கள் வடக்கே புதுப்பனி விழுவதற்குள் முடித்தாக வேண்டும். வாஷிங்டனை எட்டும்போது செப்டம்பர் ஆகிவிடுகிறது. மூவாயிரத்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்து தேய்ந்துபோன உடம்போடு, ஈரமும் குளிரும் நிறைந்த பகுதிக்குள் நுழைகிறார்கள்.

நான் முழுப் பாதையும் நடந்தவள் இல்லை. சியாட்டிலில் வேலை பார்த்த காலத்தில், சில ஆண்டுகளுக்கு முன், என் சித்தி மகனோடு கடைசி 300 கிலோமீட்டரை மட்டும் நடக்கப் போனேன். ஸ்டீவன்ஸ் கணவாயிலிருந்து கனடா எல்லை வரை. செப்டம்பர் 20க்கு மேல்தான் இருவருக்கும் விடுப்பு கிடைத்தது.

முதல் இரண்டு நாள் வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. ஹக்கிள்பெரி புதர்கள் சரிவு முழுக்கச் சிவந்து கிடந்தன. கரடிகள் குளிர்கால உறக்கத்துக்கு முன் கொழுப்புச் சேர்க்க அந்தப் பழங்களை நாளெல்லாம் தின்னும். எதிர்ச் சரிவில் ஒன்றை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம், அது எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. பாறை இடுக்குகளில் பைக்கா என்று ஒரு சின்னப் பிராணி, முயலுக்கு உறவு, வாய் நிறையப் புல்லைக் கவ்விக்கொண்டு வளைக்கு ஓடியது. அது குளிர்காலத்தில் உறங்குவதில்லை. பனிக்கு அடியில் உட்கார்ந்து தின்ன இப்போதே வைக்கோல் சேர்க்கிறது. கோடையில் விசில் அடித்துக்கொண்டிருந்த மார்மட்டுகளின், அணிலுக்கு உறவான பெரிய பிராணிகளின், சத்தமே இல்லை, வளைக்குள் போய்விட்டன. காட்டில் எல்லோரும் ஏதோ ஒரு வேலையை அவசரமாக முடித்துக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தோம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் மழை பிடித்தது.

அந்த நாளைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாங்கள் அப்போது கிளேசியர் பீக் வனப்பகுதியில் இருந்தோம். கிளேசியர் பீக் 3,213 மீட்டர் உயரமுள்ள எரிமலை. அதன் மேற்குச் சரிவைச் சுற்றித்தான் பாதை போகிறது. ரெட் கணவாயை ஏறும்போது என் சின்ன வெப்பமானி 3 டிகிரி காட்டியது. உறைபனி இல்லை. ஊட்டியில் தை மாதத்தில் இதைவிடக் குறையும். அதனால் நாங்கள் பயப்படவில்லை.

அங்கேதான் நம் கணக்கு தப்புகிறது. மைனஸ் பத்து டிகிரியில் விழும் பனி உலர்ந்த தூள், மேலே விழுந்தால் தட்டிவிடலாம். 3 டிகிரி மழையைத் தட்டிவிட முடியாது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். மழைக்கோட்டு போட்டிருந்தாலும் ஏறும்போது வேர்த்து உள்ளிருந்து நனைகிறோம். மழை விட்ட பிறகும் விடுதலை இல்லை. பாதையின் இருபுறமும் இடுப்பளவு வளர்ந்த செடிகள் தாங்கி வைத்திருக்கும் தண்ணீரையெல்லாம் நம் மேல் துடைத்துவிடும். கூடவே காற்றும் சேர்ந்தால், பூஜ்ஜியத்துக்கு மேல் ஐந்து டிகிரியிலேயே ஆள் விழுந்துவிடலாம்.

கணவாயைத் தாண்டி வைட் சக் பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். தம்பி பேச்சை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நானும் களைப்பு என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு கல் தடுக்கியது, இன்னொன்று தடுக்கியது. மூன்றாவதில் அப்படியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒண்ணும் இல்லக்கா. நீ போ. நான் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு வரேன்."

"சரிடா, அதுக்கு முன்னாடி உன் பை ஜிப்பைத் திற பாப்போம்."

அவனால் முடியவில்லை. விரல் ஜிப்பைத் தொட்டது, பிடிக்கவில்லை. அதைப் பார்த்து அவனுக்குக் கோபம் வந்தது. கோபப்படுகிற பிள்ளையே இல்லை அவன்.

கால் தடுமாற்றம், வாய் குழறல், கை சொல் பேச்சுக் கேளாமை, காரணமில்லாத எரிச்சல். உடலின் உள்வெப்பம் 37லிருந்து 35 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது இவை வரும். இதில் கொடுமை என்னவென்றால், சூடு குறைய ஆரம்பித்ததும் முதலில் மங்குவது தீர்மானிக்கும் புத்தி. தனக்கு ஆபத்து என்பது பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் அவன் தனியாக இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாத இரவுகள் உண்டு.

பகல் இரண்டு மணிக்குக் கூடாரம் போட்டோம். ஈர உடையை முழுக்கக் களைந்து, உலர்ந்த கம்பளி உள்ளாடை போட்டு, ஸ்லீப்பிங் பேக்குக்குள் தள்ளினேன். கீழே இரண்டு மெத்தைகளையும் அவனுக்கே போட்டேன், மேலிருந்து வரும் குளிரைவிடத் தரை குடிக்கும் சூடு அதிகம். நல்ல வேளையாக அவன் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நடுக்கம் என்பது உடம்பு தானே மூட்டும் அடுப்பு. அது நின்று ஆள் அமைதியாகிவிட்டால்தான் உண்மையான பயம். வெந்நீரில் சர்க்கரை கரைத்துக் கொடுத்தேன். பிறகு கடலை மிட்டாய், ஒவ்வொரு துண்டாக. கை கால்களை அழுத்தித் தேய்க்கவில்லை, தேய்க்கவும் கூடாது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி நெஞ்சருகே வைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் "அக்கா, பசிக்குது" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலைவரை அங்கேயே கிடந்தோம்.

நான் அன்று கற்றது, குளிரில் செய்ய வேண்டியதையெல்லாம் குளிர் வருவதற்கு முன்பே செய்துவிட வேண்டும் என்பது. வேர்க்கும் முன் சட்டையைக் கழற்றுவது, நடுங்கும் முன் ஜாக்கெட் போடுவது, பசிக்கும் முன் தின்பது. விரல்கள் சொன்னபடி கேட்கும்போதே கூடாரம் போட்டுவிடுவது. ஜூனில் அந்த மலையில் ஏறக்குறைய 16 மணி நேரம் வெளிச்சம் இருக்கும், அக்டோபர் தொடக்கத்தில் பதினொன்றரை மணிதான். கோடைக்காலக் கணக்கில் கிலோமீட்டரைத் திட்டமிட்டால் இருட்டில், ஈரத்தில், தடுமாறிக்கொண்டு இடம் தேட நேரும்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்குப் பருத்தி என்றால் உயிர். நம் வெயிலில் வேர்வையை உறிஞ்சி வைத்துக் குளிர்விக்கிறதே, அந்தக் குணம்தான் அங்கே எமன். ஜீன்ஸும் பனியனும் போட்டுக்கொண்டு யாரும் அந்த மலைக்குப் போகாதீர்கள். கம்பளியும் செயற்கை இழையும் நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும். வாத்து இறகு அடைத்த ஜாக்கெட் எடை குறைவு, கதகதப்பு அதிகம், ஆனால் நனைந்தால் ஈரப் பஞ்சு. ஒரு ஜோடி காலுறையும் ஓர் உள்ளாடையும் தூங்குவதற்கென்றே இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும். பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. காலையில் மறுபடி ஈரக் காலுறையையே மாட்டிக்கொண்டு நடப்பது மகா வேதனை, ஆனால் மாட்டத்தான் வேண்டும்.

அடுப்பும் ஏமாற்றும். கேஸ் குப்பியில் இருக்கும் சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே போனால் ஆவியாகாது, திருகினால் சுடர் வராது. ஐசோபியூட்டேன் மைனஸ் 11 வரை தாங்கும். இரவில் குப்பியைத் தூக்கத்தில் கூடவே வைத்துக்கொள்வோம். தண்ணீர் வடிகட்டியையும் அப்படித்தான். அதன் நுண்குழாய்கள் ஒருமுறை உறைந்தால் விரிசல் விடும், பார்த்தால் தெரியாது.

மலை ஒரே இரவில் மாறிவிடும் என்பதற்கு அந்தப் பாதையே சாட்சி. 2003 அக்டோபரில் கொட்டிய மழை வைட் சக் பக்கம் இருந்த கென்னடி வெந்நீர் ஊற்றைச் சேற்றிலும் பாறையிலும் புதைத்துவிட்டது. சூயாட்டில் ஆற்றுப் பாலம் போயிற்று, புதிய பாலம் 2011இல்தான் வந்தது. 2013 செப்டம்பர் கடைசியில் முன்கூட்டியே வந்த பனிப்புயலில் நடையர்கள் பலர் மாட்டிக்கொண்டார்கள், மீட்புக் குழுக்கள் தேடிப் போக வேண்டியிருந்தது.

வெயில் திரும்பி வந்தது. ஒரு வாரத்துக்கும் மேல் நடந்து ஸ்டெஹீகின் என்ற சிற்றூரை அடைந்தோம். வெளியிலிருந்து அதற்குச் சாலையே கிடையாது. ஷெலான் ஏரியில் படகிலோ, நீரில் இறங்கும் விமானத்திலோ, இல்லை நடந்தோதான் வரலாம். அங்கே ஒரு பேக்கரி இருக்கிறது. தெற்கிலிருந்து நடந்து வரும் ஒவ்வொருவரும் ஆயிரம் கிலோமீட்டர் முன்பிருந்தே அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இலவங்கப்பட்டை போட்ட சூடான ரொட்டிச் சுருளைத் தம்பி நான்கு தின்றான்.

அப்புறம் ரெய்னி கணவாய், கட்த்ரோட் கணவாய். அங்கே லார்ச் மரங்கள். பைன் மரம் மாதிரி ஊசியிலை, ஆனால் இலையுதிர்க்கும் மரம். உதிரும் முன் இரண்டு வாரம் மஞ்சள் பொன்னாக நிற்கும். மாலை வெயிலில் ஒரு முழு மலைச்சரிவு விளக்கேற்றியது போல் இருந்தது.

ஹார்ட்ஸ் கணவாய் வந்தபோது எல்லைக்கு மீதி 48 கிலோமீட்டர். எல்லைக்கு முன் சாலை எட்டும் கடைசி இடம் அதுதான். நாங்கள் நடந்த ஆண்டில் எல்லையைத் தாண்டிக் கனடா பக்கம் இறங்கிக்கொள்ள முன் அனுமதி வாங்க முடிந்தது. 2025 முதல் அந்த அனுமதியைக் கனடா நிறுத்திவிட்டது, இப்போது எல்லையில் நிற்கும் தூணைத் தொட்டுவிட்டு அதே 48 கிலோமீட்டரைத் திரும்பி நடக்க வேண்டும். வானிலைச் செய்தியில் மறுநாள் இரவு முதல் பனி என்றது. எங்களுக்கு மூன்று நாள் வேண்டும்.

தம்பி வெகு நேரம் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றான். "என்னடா சொல்ற?" என்றேன்.

"போயிடலாம்க்கா. கீழே."

ஒரு வண்டிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டார். மசாமா கிராமம் வரை சுமார் 30 கிலோமீட்டர், பள்ளத்தின் விளிம்பிலேயே போகும் மண் சாலை. வண்டிச் சூட்டில் விரல்கள் உருகி வலித்தன. அடுத்த நாள் சாயங்காலம் மழை, மறுநாள் விடிந்து பார்த்தால் மேலே மலை விளிம்பு முழுக்க வெள்ளை. தம்பி காலுறைகளை ஹீட்டர் மேல் விரித்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தான்.

எல்லைத் தூணை இன்னும் பார்க்கவில்லை. வரும் ஆகஸ்டில் விடுப்பு கேட்டிருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.