கர்சீப் யாருக்கு?

நடுவர் ஐயாவுக்கும், டீ குடிக்க எந்திரிக்காம உக்காந்திருக்கற உங்களுக்கும் வணக்கம். ஐயா கைக்கு பக்கத்துலயே மணி இருக்கு, அதனால நேரா வர்றேன்.

ரோமாபுரி ஆட்சியில கிரேக்கம் வாழ்ந்துச்சுன்னு பேசுன எதிரணி தம்பி, போறப்ப ஒரு குத்து குத்துனாரு. 'அடுத்து அக்கா வருவாங்க, அழுதே கைதட்டு வாங்கிருவாங்க, எல்லாரும் கர்சீப் எடுத்து வைங்க'ன்னாரு. தம்பி, உங்க கர்சீப் பத்திரம், கடைசியில கேப்பேன்.

கி.மு. 146ல முமியஸ்ங்கற ரோமானிய தளபதி கிரேக்கத்துல இருந்த கொரிந்து ஊர பிடிச்சு, கொளுத்தி, செலை ஓவியம்னு கெடச்சதெல்லாம் ரோமுக்கு அனுப்புறான். அப்ப சரக்கு கொண்டுபோற ஆளுங்களுக்கு ஒரு கண்டிஷன் போடுறான் பாருங்க: 'வழியில எது தொலைஞ்சாலும் புதுசா வாங்கி வச்சிரணும்!' நாம வாடகை வீடு மாத்துறப்ப வண்டிக்கார அண்ணன்கிட்ட 'குடம் நசுங்குனா வேற வாங்கித் தரணும்'னு சொல்லுவோம்ல, அதேதான். அட முமியஸு, அது எவர்சில்வர் குடமாய்யா? செஞ்ச சிற்பி செத்து எத்தனையோ தலைமுறை ஆச்சு, எந்தக் கடையில போயி 'இதே டிசைன்ல ஒண்ணு குடுங்க'ன்னு கேக்கறது? பின்னாடி பெஞ்சுக்கு கேக்கலயா, மறுபடி சொல்றேன்... புதுசா! வாங்கி! வைக்கணும்! இந்த லட்சணத்துல, ஓவியத்த தரையில போட்டு சிப்பாய்ங்க அதுமேல தாயம் உருட்டுனத கண்ணால பாத்தேன்னு பொலிபியஸ்ங்கற கிரேக்கரே எழுதி வச்சிருக்காரு.

ரோமாபுரி பேரரசன் ஹேட்ரியன் ஏதென்ஸ்ல கோயில் கட்டி முடிச்சான்லன்னாரு தம்பி. முடிச்சான், கொரிந்து எரிஞ்சு கிட்டத்தட்ட 270 வருஷம் கழிச்சு. கொரிந்தும் எந்திரிச்சு அகாயாங்கற ரோமானிய மாகாணத்துக்கே தலைநகரா ஆச்சேன்னாரு. ஆச்சுதான். நூறு வருஷம் இடிஞ்சு கெடந்த எடத்துல கி.மு. 44ல சீசர் குடியேத்துனது யாரை? பெரும்பாலும் விடுதலையான ரோமாபுரி அடிமைங்கள. பைபிள்ல பவுல் கடுதாசி எழுதுன கொரிந்தியர் இந்த புது ஊர்க்காரங்க. என் வீட்ட இடிச்சு, அதே மனையில வேற ஆள குடி வச்சுட்டு, 'அக்கா நல்லா வாழுறாங்க'ன்னா எப்படி தம்பி?

பழைய கொரிந்துக்காரங்க என்ன ஆனாங்க? ஆம்பளைங்கள வெட்டியாச்சு. பொம்பளைங்களையும் புள்ளைங்களையும் வித்தாச்சு. அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சாம், புளுடார்க்ங்கற கிரேக்க எழுத்தாளர் எழுதியிருக்காரு. பிடிச்சு வச்சிருந்த பசங்கள்ல எழுதத் தெரிஞ்சவங்கள கூப்பிட்டு முமியஸ் 'ஒரு வரி எழுதுங்கடா'ன்னான். ஒரு பையன், பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பான் போல, கிரேக்கக் கவி ஹோமரோட வரிய எழுதுறான்: டிராய் சண்டையிலயே செத்துப்போனவங்க மூணு மடங்கு, நாலு மடங்கு குடுத்து வச்சவங்க.

சின்னப் பையன்ங்க அது. சாவ பாத்து பொறாமைப்பட்டு எழுதுது.

அதப் படிச்சு முமியஸ் அழுதுட்டான். அந்தப் பையனோட சொந்தக்காரங்கள மட்டும் விட்டுட்டான். பக்கத்துல நின்ன எழுதத் தெரியாத புள்ளைங்க சந்தைக்குத்தான போயிருக்கும்.

தம்பி, அந்த கர்சீப்ப முமியஸுக்கு குடுங்க. மணி அடிக்க வேணாம் ஐயா, நானே உக்காந்துக்கறேன்.