கிராப்ஸ் மேஜையில கேசினோ எழுதாம விட்ட பந்தயம் | ஆன்லைன் பகடைக் கணக்கு

[திரையில்: பச்சை மேஜை, ரெண்டு சிவப்புப் பகடை]

வணக்கம் மக்களே! கேசினோவுல கிராப்ஸ்னு ஒரு பகடை ஆட்டம் இருக்கு. மேஜை முழுக்கக் கட்டம் கட்டமா பந்தயங்களை அச்சடிச்சு வச்சிருப்பாங்க. ஆனா கேசினோவுக்கு ஒரு பைசா லாபம் இல்லாத பந்தயம் ஒண்ணும் அதே மேஜையில இருக்கு. வழக்கமான மேஜையில அதுக்குக் கட்டம் கிடையாது, பேரும் எழுதியிருக்காது. அது எதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு பகடையும் பள்ளிக்கூடக் கணக்கும் போதும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இந்தியாவுல 2025 ஆகஸ்ட்ல வந்த சட்டப்படி, காசு வச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை. விளம்பரம் பண்றதும் குத்தம். தமிழ்நாட்டுல அதுக்கு முன்னாடியே தனிச் சட்டம் வந்தாச்சு. அதனால "அண்ணா, லிங்க் குடுங்க"ன்னு கமெண்ட் போடாதீங்க, தரமாட்டேன். அமெரிக்காவுல நியூ ஜெர்சி மாதிரி சில மாநிலங்கள்ல ஆன்லைன் கேசினோ சட்டப்படி நடக்குது. நம்ம கணக்கு அங்கே நடக்கறதைப் பத்தி.

வரலாறு ஒரே வரிதான்: இங்கிலாந்துல ஹேசர்டுன்னு ஆடின பகடை ஆட்டம், கடல் தாண்டி நியூ ஆர்லியன்ஸ் போய், சுருங்கி கிராப்ஸ் ஆச்சு.

இப்ப ஒரு ஆட்டம் ஆடிக் காட்டறேன். நான் பாஸ் லைன்ங்கற அடிப்படைப் பந்தயக் கட்டத்துல ஒரு சிப் (காசுக்குப் பதிலா வைக்கற வில்லை) வைக்கிறேன். முதல் உருட்டல்ல 7 இல்லேன்னா 11 விழுந்தா உடனே ஜெயிப்பு. 2, 3, 12 விழுந்தா உடனே தோல்வி. உருட்டறேன்... 5, 3. மொத்தம் 8. இப்ப 8தான் என் "பாயின்ட்". இனிமே நான் உருட்டிக்கிட்டே இருக்கணும். மறுபடி 8 வந்தா எனக்குக் காசு, அதுக்கு முன்னாடி 7 வந்தா சிப் போச்சு. நடுவுல வேற எது வந்தாலும் கவலை இல்ல. கவனிச்சீங்களா? முதல் உருட்டல்ல எனக்கு நண்பனா இருந்த 7, ஒரே நொடியில எதிரியா மாறிடுச்சு. இந்த ஆட்டத்தோட ருசியே இதுலதான்.

7க்கு ஏன் இவ்வளவு மவுசு? ரெண்டு பகடையில 36 விதமா விழலாம். 2 வரணும்னா 1, 1 ஒரே வழி. 12க்கும் அப்படித்தான். 7க்கு மட்டும் ஆறு வழி. ஓரத்துல இருக்கிற எண்கள் அரிது, நடுவுல இருக்கிறது தாராளம்.

இதைப் படிச்சப்ப எனக்கு டக்குனு ஞாபகம் வந்தது நம்ம தாயக்கட்டை. கொஞ்சம் இதுல நிக்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது.

[திரையில்: ரெண்டு பித்தளைத் தாயக்கட்டை, உள்ளங்கையில]

எங்க அத்தை இந்தக் கட்டைகளை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வச்சுத் தேய்ப்பாங்க, கணகணன்னு சத்தம் வரும், அப்புறம் சிமென்ட் தரையில உருட்டி விடுவாங்க. ஒவ்வொரு கட்டைக்கும் நாலு பக்கம்: ஒரு புள்ளி, ரெண்டு, மூணு, ஒரு பக்கம் வெறுமை. ரெண்டும் வெறுமையா விழுந்தா 12. ஒண்ணும் வெறுமையும் விழுந்தா தாயம். எங்க வீட்டுல 1, 5, 6, 12, இந்த நாலுல எது விழுந்தாலும் இன்னொரு தடவை உருட்டலாம். 2, 3, 4 விழுந்தா கட்டை அடுத்தவங்க கைக்குப் போயிடும்.

சின்ன வயசுல ஏன் இந்த நாலு எண்ணுக்கு மட்டும் சலுகைன்னு நான் யோசிச்சதே இல்ல. இப்ப எண்ணிப் பாருங்க. நாலு பக்கம், ரெண்டு கட்டை, மொத்தம் 16 வழி. 3 விழ நாலு வழி. 2க்கு மூணு, 4க்கு மூணு. ஆகமொத்தம் பத்து. மிச்சம் ஆறு வழிதான்: தாயத்துக்கு ரெண்டு, 5க்கு ரெண்டு, 6க்கு ஒண்ணு, 12க்கு ஒண்ணு. அதாவது நடுவுல கூட்டமா விழற எண்களுக்கு ஒண்ணும் கிடையாது, ஓரத்துல அரிதா விழற எண்களுக்குத்தான் பரிசு! கிராப்ஸ்ல 7 எப்படியோ, தாயத்துல 3 அப்படி. இந்த விதியை யார் எப்போ வச்சாங்களோ, அவங்களுக்கு இந்தக் கணக்கு விரல் நுனியில இருந்திருக்கு. எனக்கு இது ஒரு பெரிய சந்தோஷம்.

சரி, மேஜைக்குத் திரும்பலாம். பாஸ் லைன்ல ஜெயிக்கற வாய்ப்பைக் கூட்டிக் கழிச்சா, 495 பந்தயத்துக்குச் சராசரியா 244 ஜெயிப்பு, 251 தோல்வி. வித்தியாசம் எவ்வளவு? ஏழு. அங்கயும் ஏழு வந்து நிக்குது! 495ல 7, அதாவது நூறு டாலருக்கு 1.41 டாலர். அதுதான் கேசினோவோட வருமானம். கேசினோ ஆட்டங்கள்ல இது குறைஞ்ச கமிஷன்தான்.

இப்ப அந்த எழுதாத பந்தயம். பேரு "ஆட்ஸ்". பாயின்ட் விழுந்த பிறகு, பாஸ் லைன் சிப்புக்குப் பின்னால இன்னும் கொஞ்சம் காசு வைக்கலாம். பாயின்ட் 4னு வச்சுக்கோங்க. 4 விழ மூணு வழி, 7 விழ ஆறு வழி. தோக்கற வாய்ப்பு ரெண்டு மடங்கு. கேசினோவும் சரியா ரெண்டு மடங்கு குடுக்குது. பத்து வச்சா இருபது. 5க்கும் 9க்கும் ஒன்றரை மடங்கு, 6க்கும் 8க்கும் அஞ்சு வச்சா ஆறு. எல்லாமே நியாயமான விலை, கமிஷன் பூஜ்யம்.

ஆனா ஒரு முடிச்சு இருக்கு. இதைத் தனியா வைக்க முடியாது. பாஸ் லைன்ல வச்சு, அந்த 1.41ஐ ஒத்துக்கிட்ட பிறகுதான் இந்தக் கதவு திறக்கும். கமிஷன் இல்லைங்கறதுக்காக ஜெயிச்சுடுவோம்னும் அர்த்தம் இல்ல, நீண்ட கணக்குல சமமா நிக்கும், அவ்வளவுதான். பல ஆன்லைன் மேஜைகள்ல இதுக்குச் சின்னதா ஒரு இடம் தெரியும், பாயின்ட் வந்த பிறகு மட்டும். கவனிக்காம விட்டா அடுத்த உருட்டல் போயிடும்.

அதே மேஜையோட நடுப்பகுதியைப் பாருங்க. கண்ணைப் பறிக்கற கலர், பகடைப் படம், பெரிய பெரிய எண்கள். "எனி செவன்": அடுத்த உருட்டல் 7னா நாலு மடங்கு. ஆறுல ஒரு வாய்ப்புன்னா நியாயமா அஞ்சு மடங்கு தரணும். ஒரு மடங்கை அவங்க எடுத்துக்கறாங்க. 36 உருட்டலுக்கு, உருட்டலுக்கு ஒரு டாலர் வீதம் வச்சா, சராசரியா 30 போகும், 24 வரும். நூத்துக்கு 16.67 நஷ்டம். பாஸ் லைனை விடக் கிட்டத்தட்ட பன்னிரண்டு மடங்கு மோசம்! எது மோசமோ அது நடுவுல பளபளன்னு, எது நியாயமோ அதுக்குப் பேரே இல்ல. இது எனக்கு நிஜமாவே கோபம் வர்ற விஷயம்.

ஆன்லைன்ல பகடையை உருட்டறது யாரு? நேர்ல இருக்கற மேஜையில பகடை கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே எடை வச்சிருக்கான்னு பார்க்கலாம். தொடர் எண் பொறிச்சிருப்பாங்க. எறிஞ்சா எதிர்ச்சுவர்ல மோதணும், அந்தச் சுவர்ல குட்டிக் குட்டி ரப்பர் கூம்புகள். கைவித்தை எல்லாம் அங்கே சிதறிடும். போன்ல ரேண்டம் நம்பர் நிரல் ஒரு எண்ணை எடுக்கும். திரையில பகடை சுத்தறது அலங்காரம், முடிவு அதுக்கு முன்னாடியே ஆயிடுச்சு. எவல்யூஷன் நிறுவனம் 2020ல கொண்டு வந்த நேரலை கிராப்ஸ்ல நிஜப் பகடையை ஒரு இயந்திரக் கை எறியும்.

"இவ்வளவு நேரமா 7 வரல, இனி வந்தே தீரும்"னு நேர்லயும் ஆன்லைன்லயும் நம்பறவங்க உண்டு. பகடைக்கு ஞாபக சக்தி கிடையாது. 2009ல அட்லாண்டிக் சிட்டியில ஒரு பெண் 154 தடவை உருட்டினாங்க, 4 மணி 18 நிமிஷம் ஆட்டம் இழக்காம! சராசரி 8, 9 உருட்டல்தான். அவ்வளவு நீளத்துக்கு வாய்ப்பு சுமார் 560 கோடியில ஒண்ணு. அவங்களோட 100வது உருட்டலுக்கும் 7 வர்ற வாய்ப்பு ஆறுல ஒண்ணுதான்.

ஆன்லைன்ல எனக்குப் பெரிய பயம் வேகம். நேர்ல பகடையைக் குச்சியால இழுக்கணும், ஒவ்வொருத்தருக்கா பணம் பிரிச்சுக் குடுக்கணும். ஒரு மணி நேரத்துல 30 பாஸ் லைன் பந்தயம் முடிஞ்சா, பத்து டாலர் வீதம், சராசரி நஷ்டம் 4 டாலர் சொச்சம். போன்ல அதே ஒரு மணி நேரத்துல 200 முடிக்கலாம். நஷ்டம் 28 டாலர். கமிஷன் அதே 1.41தான், மாறினது கட்டைவிரல் வேகம் மட்டும்.

காசே இல்லாம ஒண்ணு பண்ணுங்க. வீட்டுல லூடோ பெட்டியில ரெண்டு பகடை கிடக்கும். 36 தடவை உருட்டி, 7 எத்தனை தடவை வந்துச்சோ அந்த எண்ணை மட்டும் கமெண்ட்ல போடுங்க. தாயக்கட்டை இருந்தா 16 தடவை உருட்டி, 3 எத்தனைன்னு எழுதுங்க, எந்த ஊர்னும் சேர்த்து. உங்க ஊர்ல எந்தெந்த எண்ணுக்கு மறு உருட்டல்னு எழுதுங்க, ஊருக்கு ஊர் மாறுதான்னு அடுத்த வீடியோவுல வரைபடத்துல போட்டுக் காட்டறேன்.