கேரவன் கூரைச் சாளரத்தின் ஒழுகலைச் சீர்செய்தல்

நேயர்களுக்கு வணக்கம். கோடை சீசனில் உதகைக்கும் கோத்தகிரிக்கும் ஏறிவரும் கேரவன்களில் நான் அடிக்கடி காணும் பழுது, கூரையிலுள்ள ஸ்கைலைட்டின் ஓரத்தில் நீர் கசிவதுதான். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கொட்டிய மழையை நாம் அறிவோம்.

முதலில் அது ஒழுகல்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மழையே பெய்யாத குளிர் இரவுக்குப் பின் சாளரத்தின் உட்புறம் முத்து முத்தாக நீர் நின்றால், அது மூச்சுக்காற்றிலும் சமையல் ஆவியிலும் இருந்த ஈரம் படிந்தது. இடைவெளியை அடைக்கும் பசையான சீலன்டைப் பூசினாலும் அது நிற்காது. அதைத் தடுக்கிறேன் என்று சாளரத்தின் காற்றுத் துளைகளை யாரும் அடைத்துவிடக் கூடாது. உள்ளே கேஸ் அடுப்பு எரியும் வண்டியில் அது உயிருக்கே ஆபத்து. மாறாக, மழைக்குப் பின் உட்கூரையின் பிளைவுட்டில் பழுப்புக் கறை படர்ந்து, கட்டைவிரலால் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கினால், நீர் வெளியிலிருந்தே வருகிறது. அந்தக் கறை இருக்குமிடத்துக்கு நேர்மேலேதான் ஓட்டை இருக்குமென்று நினைக்க வேண்டாம். உள்ளிருக்கும் மரச்சட்டத்தின் வழியாக நீர் வெகுதூரம் ஓடிவந்து சொட்டும்.

இந்த மலையில், சாளரச் சட்டம் கூரையோடு சேரும் இணைப்பு விரைவில் விட்டுப்போவதற்குக் காரணம் உண்டு. ஜனவரி உறைபனியில் விறைக்கும் கூரை, நண்பகல் வெயிலில் நன்றாகச் சுட்டுவிடுகிறது. சாளரத்தின் மூடியும் சட்டமும் செய்யப்படும் அக்ரிலிக்கும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரிபவை. 70 சென்டிமீட்டர் நீளச் சட்டம் 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் இரண்டு மில்லிமீட்டர் நீளும்போது, அலுமினியக் கூரை ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. போதாக்குறைக்கு, கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியின் உடலே முறுக்கிக்கொள்கிறது. ஆகவே அந்த இடைவெளியில் இறுகிப்போகாமல் நெகிழ்ந்து கொடுக்கும் பொருள் இருந்தாக வேண்டும்.

பலர் செய்வதோ, பழைய பூச்சின் மீதே கடையில் கிடைக்கும் சிலிகோனை ஒரு சுற்று இழுத்துவிடுவது. இதை நான் உறுதியாக மறுக்கிறேன். அழுக்கேறிய பழைய பூச்சோடு சேர்ந்து அது உரிந்துவருகிறது. சிலிகோனின் மெல்லிய படலம் தங்கிவிட்டால் பிறகு வேறெந்த சீலன்டும் அங்கே பிடிப்பதில்லை. வினிகர் வாடை அடிக்கும் வகை, அலுமினியத்தையும் அரிக்கும்.

முறையான வழி சட்டத்தையே கழற்றுவதுதான். கூரைமேல் பலகை போட்டு, அதன்மீது எடையைப் பரப்பி நில்லுங்கள். திருகுகளை எடுத்தபின் பழைய பசையைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுதும் நீக்கி, கூரைப் பரப்பை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள்; அக்ரிலிக் மூடிக்கு மட்டும் சோப்பு நீர் போதும், தின்னரும் பெட்ரோலும் பட்டால் அது மயிரிழை மயிரிழையாக வெடித்துவிடும். நனைந்த பிளைவுட் நன்றாகக் காயும்வரை பொறுத்திருங்கள். உளுத்த பகுதியை வெட்டி மாற்றுங்கள். பின்பு சட்டத்தின் அடியில் இறுகிப்போகாத ரப்பர் பசைப் பட்டையான பியூட்டைல் டேப்பை இடைவெளியின்றிச் சுற்றி ஒட்டி, திருகுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஓரமெங்கும் பசை ஒரே சீராகப் பிதுங்கி வந்ததும் நிறுத்திவிடுங்கள். மேலும் முடுக்கினால் பசை முழுவதும் வெளியேறி, சட்டமும் விரிசல் விடும். மறுநாள் பசை சற்று அமர்ந்திருக்கும்; அப்போது ஒருமுறை இலேசாக முடுக்கி, பிதுங்கியதை நறுக்கிவிட்டு, திருகுத் தலைகளின்மேலும் ஓரத்திலும் அந்தப் பிளாஸ்டிக்குக்கும் கூரைக்கும் ஏற்றதென்று குறிக்கப்பட்ட சீலன்டை இடுங்கள். காலைப் பனி காய்ந்தபின் வேலையைத் தொடங்குவது நல்லது.

சீலன்ட் இறுகியபின், ஒருவர் உள்ளே டார்ச்சுடன் இருக்க, மற்றவர் சாளரத்தின் தாழ்ந்த ஓரத்தில் தொடங்கி மெல்ல மேல்நோக்கி நீர் ஊற்ற வேண்டும். முதலிலேயே மேலிருந்து ஊற்றினால் எல்லா ஓரமும் ஒரே நேரத்தில் நனைந்து, எந்தப் பக்கம் கசிகிறது என்பதே தெரியாமல் போகும்.