கே-டெல்: விளம்பரத்தில் பிறந்த இசைத்தட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம். பாடகர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவாளர் ஆகியோரைச் சுற்றியே இசைத்தட்டு வரலாறு பெரும்பாலும் எழுதப்படுகிறது. இன்று நான் பேசவிருப்பது, இந்த மூவரில் எவரையும் சாராத ஒரு கனடிய வணிகரைப் பற்றியும், வினிப்பெக் நகரில் அவர் நிறுவிய கே-டெல் நிறுவனத்தைப் பற்றியும்.

பிலிப் கீவிஸ், சஸ்காச்சுவான் மாகாணத்துச் சிற்றூர் ஒன்றில், யூதக் குடியேறிகளின் வேளாண் குடும்பத்தில் 1929இல் பிறந்தவர். வீடு வீடாகச் சென்று பொருள்களை விற்றுப் பழகிய அவர், பின்னர் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைபாதையில் சமையலறைச் சாதனங்களை இயக்கிக் காட்டி விற்றார். நம்மூர்த் திருவிழாக்களில் காய் நறுக்கும் கருவியை வைத்துக்கொண்டு ஓயாமல் பேசி விற்பவரைக் கண்டிருப்பீர்களே, அதே தொழில்தான். அந்தச் செயல்விளக்கத்தை அப்படியே தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனால் என்ன என்று தோன்றியதும், ஒட்டாத டெஃப்லான் வாணலிக்காக 1962இல் ஐந்து நிமிட விளம்பரம் ஒன்றைத் தயாரித்து ஒளிபரப்பச் செய்தார். வாணலிக்குப் பிறகு கத்தி, காய் நறுக்கி என்று பொருள்கள் மாறினவே தவிர, விற்கும் முறை மாறவில்லை. அவர் பெயரின் முதல் எழுத்தும் தொலைக்காட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முற்பகுதியும் சேர்ந்தே நிறுவனத்தின் பெயராயின.

1966இல் அவர் கையில் எடுத்த புதிய சரக்கு பாட்டு. வெவ்வேறு நிறுவனங்களுக்குச் சொந்தமான 25 ‘கன்ட்ரி’ எனும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாடல்களை உரிமம் பெற்று ஒரே இசைத்தட்டில் அடைத்து விற்றார். அதையடுத்து வந்த, போல்கா எனும் ஐரோப்பிய நடன இசையின் தொகுப்பு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றது. புகழ்பெற்ற பாடல்களைப் பெயர் தெரியாத பாடகர்களைக் கொண்டு பாடவைத்து மலிவாக விற்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்ததால், ‘அசல் பாடல்கள், அசல் பாடகர்கள்’ என்ற கே-டெல்லின் முழக்கம் வெறும் அலங்காரமாக இல்லாமல், வாங்குபவரின் ஐயத்துக்கு நேரான பதிலாக அமைந்தது.

அந்த விளம்பரங்களின் கட்டமைப்பு என் பார்வையில் வியக்கத்தக்கது. ஒரு பாடலில் மக்கள் மனத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும் சில நொடிகளை மட்டும் வெட்டியெடுத்து, அடுத்த பாடலின் அதே போன்ற நொடிகளோடு ஒட்டி, திரையில் பாடல் பெயர்கள் உருண்டோட, அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போவார். வானொலி அந்தப் பாடல்களை ஏற்கெனவே பிரபலமாக்கியிருந்ததால், கே-டெல் புதிதாக எதையும் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. நினைவூட்டினால் போதுமானதாக இருந்தது.

தட்டில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. பன்னிரண்டு அங்குல நெடுந்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களை ஒட்டிய இசையே வசதியாக அடங்கும். அதற்கு மேல் திணித்தால் பள்ளங்கள் நெருங்கிவிடுவதால் ஒலியளவைக் குறைத்தும் தாழ்ந்த சுரங்களை மெலிவித்தும்தான் பதிய முடியும். மூன்று நிமிடப் பாடல்கள் பத்துப் பன்னிரண்டை ஒரு பக்கத்தில் அடைக்க விரும்பிய கே-டெல், ஒலித்தரத்தை விட்டுக்கொடுத்ததோடு நில்லாமல், சில பாடல்களில் ஒரு சரணத்தை நீக்கியும், சிலவற்றின் முடிவை முன்கூட்டியே தேய்த்து மறைத்தும் வெளியிட்டது. ஒலித்தர ஆர்வலர்கள் இதை மன்னிக்கவேயில்லை. ஆனால் தனித்தனியாக இருபது தட்டுகளை வாங்க வழியில்லாத பதின்பருவத்தினருக்கு அது கட்டுப்படியான பேரமாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரிட்டனில் 1972இல் கே-டெல்லின் 20 பாடல் தொகுப்பு ஒன்று விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. ஆர்கேட், ரோன்கோ ஆகிய போட்டியாளர்களும் இதே வழியில் இறங்கினர். 1981இல் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, செவ்வியல் இசையின் புகழ்பெற்ற பகுதிகளை இடைவிடாத நடனத் தாளத்தில் கோத்து வாசித்த தட்டை கே-டெல் வெளியிட்டு, லட்சக்கணக்கில் விற்றது. மோட்சார்ட்டின் இசையையும் அதே விளம்பர முறையில் நறுக்கி விற்க முடிந்தது!

இந்த வணிகத்தின் பலவீனம் தொடக்கத்திலிருந்தே உள்ளே இருந்தது. விற்ற பாடல்களில் பெரும்பாலானவை இரவல். உரிமம் கொடுத்துவந்த பெரிய நிறுவனங்கள், இந்த லாபத்தைத் தாங்களே ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று எண்ணிய நாளில் கதை மாறியது. 1983 நவம்பரில் வர்ஜின், இஎம்ஐ ஆகிய இரண்டும் கைகோத்துத் தொடங்கிய தொகுப்பு வரிசை பிரிட்டன் சந்தையைக் கைப்பற்றி, இன்றளவும் தொடர்கிறது. இதற்கிடையே எண்ணெய், எரிவாயு, நிலம் ஆகியவற்றில் செய்த முதலீடுகள் கைகொடுக்காமல், 1984இல் கே-டெல்லின் அமெரிக்க நிறுவனம் திவால் பாதுகாப்பைக் கோர நேர்ந்தது. 1998இல் இணையத்தில் இசை விற்கப்போவதாக அறிவித்தவுடன் அதன் பங்கு விலை சில வாரங்களில் பல மடங்கு ஏறி, பின் அதே வேகத்தில் சரிந்தது.

2016இல், தமது 87ஆம் வயதில் கீவிஸ் காலமானார். நிறுவனத்தை இன்றுவரை நிலைநிறுத்தியது, காலப்போக்கில் அது சொந்தமாகச் சேர்த்துக்கொண்ட ஒலிப்பதிவுகளே. அவற்றைத் திரைப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் இணையச் சேவைகளுக்கும் உரிமம் தந்து அது வருவாய் ஈட்டுகிறது. அவற்றுள் பல, பழைய பாடகர்களையே அழைத்து, அவர்களது பழைய வெற்றிப் பாடல்களை மீண்டும் பாடவைத்துப் பதிந்தவை. அசல் பாடகர்கள் என்ற வாக்கு அவற்றுக்கும் பொருந்தும். அசல் பதிவு மட்டும்தான் அதில் இல்லை. நன்றி, வணக்கம்.