அமெரிக்க எஞ்சினியரிங் சீட்: கட்-ஆஃப் இல்லாத ஊரில் கணக்குப் போடுவது எப்படி?

[திரையில்: இருட்டு அறை, லேப்டாப் வெளிச்சம், மூலையில் மணி 3:58]

மார்ச் 15, விடியற்காலை 3:58. ஏதோ ஒரு வீட்டில் ஒரு பிள்ளை லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் அம்மா. கட்டிலில் தூங்குவது போல நடிக்கும் அப்பா. பாஸ்டன் பக்கம் அப்போது மார்ச் 14, மாலை 6:28. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் எழுதுவதால் அந்தத் தேதி 3.14 ஆகிறது, அதாவது பை. 6.28 என்றால் இரண்டு பை. எம்.ஐ.டி. பல ஆண்டுகளாக இந்த நேரத்தில்தான் சேர்க்கை முடிவை வெளியிடுகிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யைச் சொல்லவில்லை, மாசசூசெட்ஸில் இருப்பதைச் சொல்கிறேன்.

பெரும்பாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். உடனே கட்டிலிலிருந்து ஒரு குரல்: "எத்தனை மார்க்கில் போச்சு?"

அந்தக் கேள்விக்கு அங்கே பதிலே கிடையாது. இந்த வீடியோ அதைப் பற்றித்தான்.

நம் கவுன்சலிங் எப்படி நடக்கிறது? கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200. எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடலாம். 198.5 எடுத்தவர் தேர்ந்தெடுத்த பிறகுதான் 198 எடுத்தவர். நல்லதோ கெட்டதோ, நாம் எங்கே நிற்கிறோம் என்று நமக்குத் தெரியும். அமெரிக்காவில் அப்படி ஒரு வரிசையே இல்லை. ஒரு ஃபைல் இருக்கும், அதைச் சிலர் உட்கார்ந்து படிப்பார்கள், பேசுவார்கள், முடிவெடுப்பார்கள்.

[திரையில்: 28,232 → 1,284]

எம்.ஐ.டி.யில் 2024-இல் சேர்ந்த வகுப்புக்கு வந்த விண்ணப்பங்கள் 28,232. இடம் கிடைத்தது 1,284 பேருக்கு. நூற்றுக்கு நாலரை. அமெரிக்கப் பிள்ளைகளையும் சேர்த்த கணக்கு இது. வெளிநாட்டவரை மட்டும் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான் நிற்கும். சர்வதேச கணித ஒலிம்பியாடுக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 600 பேருக்கு மேல் போகிறார்கள். அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நெரிசல் புரியும்.

சரி, அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வின் கணக்குப் பகுதியில் 800-க்கு 800 வாங்கிவிட்டால்? வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கணக்கில் 780-க்கு மேல் வாங்கியவர்கள். கொரோனா காலத்தில் தளர்த்திய இந்தத் தேர்வை எம்.ஐ.டி. 2022 மார்ச்சில் திரும்பக் கட்டாயமாக்கியது. அங்கே இலக்கியம் படிக்கப் போனாலும் இரண்டு பருவம் கால்குலஸும் இரண்டு பருவம் இயற்பியலும் எடுத்தே தீர வேண்டும். வந்த பிள்ளை முதல் வருடத்திலேயே அதில் முங்கிவிடுமோ என்ற பயம் தீருவதற்குத்தான் மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். பயம் தீர்ந்ததும் தேர்வின் வேலை முடிந்தது. 790-ஐ 800 ஆக்க இன்னொரு முறை எழுதுவது காசுக்குக் கேடு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகமான பெர்க்லி இதற்கு நேர் எதிர். அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்த வளாகமும் சேர்க்கை முடிவுக்கு எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை.

அப்படியானால் எந்தக் கல்லூரிக்குப் போடுவது? பெரும்பாலோர் உலக ரேங்க் பட்டியலைத் திறந்து மேலிருந்து பத்துப் பெயரை எழுதிக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை பணமும் ஒரு வருடமும் வீணாவது இங்கேதான். ரேங்கைப் பிறகு பார்க்கலாம். முதலில் ஒவ்வொரு கல்லூரியிடமும் இரண்டு கேள்வி. பணம் கேட்டால் என் வாய்ப்பு குறையுமா? உள்ளே போனால் நான் கேட்கும் பிராஞ்ச் கிடைக்குமா?

[திரையில்: வெற்றுத் தாள், நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் 'பணம்', வலப்பக்கம் 'பிராஞ்ச்']

பணத்தை எடுத்துக்கொள்வோம். இதில் 'நீட்-பிளைண்ட்' என்று ஒரு சொல் அடிபடும். நம் ஊர் நீட் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! உங்களுக்கு உதவித்தொகை தேவையா என்பதைச் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுத்துக்கொள்ளாத கல்லூரி என்று பொருள். கணக்கில் எடுத்துக்கொண்டால் அது 'நீட்-அவேர்'. இரண்டு பேரின் ஃபைலும் சம அளவில் நன்றாக இருந்து, ஒருவர் முழுப் பணம் கட்டுவேன் என்கிறார், இன்னொருவர் பாதி உதவி வேண்டும் என்கிறார் என்றால், நீட்-அவேர் கல்லூரியில் முன்னவருக்குக் கை ஓங்கும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இணையதளத்தில் கொட்டை எழுத்தில் நீட்-பிளைண்ட் என்று போட்டிருப்பார்கள். நாலு பத்தி தள்ளிப் போனால், அது அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் என்று இருக்கும். ஸ்டான்ஃபோர்டும் கால்டெக்கும் வெளிநாட்டவர் விஷயத்தில் நீட்-அவேர்தான். வெளிநாட்டுப் பிள்ளைக்கும் அதே கண்ணோட்டம், தேவைப்படும் முழு உதவியும் உண்டு என்று சொல்லும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: எம்.ஐ.டி., ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல், இன்னும் சில.

எம்.ஐ.டி.யில் ஒரு வருடத்துக்கு எல்லாச் செலவும் சேர்த்து 90,000 டாலரை நெருங்குகிறது, நம் பணத்தில் 75 லட்சத்துக்கு மேல். ஆனால் 2025 முதல், ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலருக்குக் கீழே இருந்து சொத்தும் வழக்கமான அளவில் இருந்தால் படிப்புக் கட்டணமே இல்லை. 1 லட்சம் டாலருக்குக் கீழே என்றால் தங்குமிடம், சாப்பாட்டுக்குக்கூடக் குடும்பம் கட்ட வேண்டியதில்லை. ஒரு அரசுப் பள்ளி ஆசிரியரின் வருமானத்தை டாலரில் மாற்றிப் பாருங்கள். நுழைவதற்கு மிகக் கடினமான கல்லூரிதான் அந்த வீட்டுக்கு மிக மலிவான கல்லூரி.

மறுபக்கம் ஜார்ஜியா டெக், பர்டியூ, இல்லினாய், பெர்க்லி. அருமையான எஞ்சினியரிங் கல்லூரிகள். ஆனால் மாநில அரசின் பல்கலைக்கழகங்கள். தேவை அடிப்படையிலான உதவி வெளிநாட்டு இளநிலை மாணவருக்கு அநேகமாக இல்லை. பெர்க்லியில் வெளியாருக்கு ஆண்டுச் செலவு 80,000 டாலரைத் தாண்டும். தனியார் கல்லூரி என்றால் தாராளம் என்றும் நினைத்துவிட வேண்டாம். கார்னகி மெலன் தனியார்தான், வெளிநாட்டவருக்கு நிதியுதவி தருவதில்லை. இடம் கிடைத்து, கேக் வெட்டி, அப்புறம் பணம் இல்லாமல் கைவிட்ட குடும்பங்கள் உண்டு.

'உதவி கேட்டால் சான்ஸ் போய்விடும், இப்போது கேட்காதே, உள்ளே போய்க் கேட்டுக்கொள்ளலாம்' என்று சில ஏஜென்ட்டுகள் சொல்லித் தருகிறார்கள். இது மோசமான யோசனை. கால்டெக்கில் வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போதே உதவி கேட்காவிட்டால், நான்கு ஆண்டுகளுக்கும் கேட்க முடியாது.

அடுத்தது பிராஞ்ச். இதில் எம்.ஐ.டி. ஒரு தனி ரகம். விண்ணப்பத்தில் விருப்பத்தைக் கேட்பார்கள், ஆனால் இடம் கொடுப்பது கல்லூரிக்குத்தான், பிராஞ்சுக்கு அல்ல. முதல் வருடம் முடியும்போது நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அங்கே பிராஞ்சுகளுக்கு எண்தான் பெயர். மெக்கானிக்கல் 2, எலக்ட்ரிக்கலும் கம்ப்யூட்டரும் 6, இயற்பியல் 8. 'நான் சிக்ஸ் எடுக்கிறேன்' என்றால் கிரிக்கெட் இல்லை.

பெர்க்லி எஞ்சினியரிங்கிலும் இல்லினாயிலும் கதை வேறு. எந்த பிராஞ்சுக்குப் போட்டீர்களோ அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே போக முடியும். கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்காது என்று தோன்றி வேறொன்றில் நுழைந்து, பிறகு மாறிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உள்ளேயிருந்து அந்தப் பக்கம் தாவுவது மிகக் கடினம். பர்டியூ நடுவில் நிற்கிறது: முதல் வருடம் எல்லாருக்கும் பொது, பிறகு பிராஞ்ச்.

[திரையில்: பள்ளி முத்திரை குத்திய மூன்று வரிக் கடிதம்]

ஃபைலுக்குள் என்ன இருக்கும்? ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள், ஆமாம், ஒன்பதிலிருந்து. கட்டுரைகள். எம்.ஐ.டி.க்கு ஒரு நீளக் கட்டுரை கிடையாது, சின்னச் சின்னக் கேள்விகள். நீங்களே ஏதாவது செய்து பார்த்திருந்தால் அதற்கென்று தனியாகப் படமும் வீடியோவும் அனுப்பலாம். பெர்க்லியில் 8 கேள்விகளில் 4-ஐ எடுத்து ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில். அப்புறம், நம் பிள்ளைகள் பெரிதாக நினைக்காத ஒன்று: ஆசிரியர் கடிதம். பெர்க்லி பொதுவாகக் கேட்பதில்லை. எம்.ஐ.டி. இரண்டு கேட்கும், ஒன்று கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியரிடமிருந்து, இன்னொன்று மொழி, வரலாறு போன்ற பாடம் எடுப்பவரிடமிருந்து. தமிழ் ஐயாவிடமும் கேட்கலாம்.

நம் பள்ளிகளில் கேட்டால் 'இவர் நல்லொழுக்கம் உடையவர், கடின உழைப்பாளி, வாழ்வில் உயர வாழ்த்துகிறேன்' என்று மூன்று வரி, கீழே முத்திரை. நன்னடத்தைச் சான்றிதழுக்கு அது போதும். இல்லையென்றால், 'நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன்.' ஆசிரியர் மேல் குற்றமில்லை, நாற்பது பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இப்படி ஒரு கடிதத்தை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார். ஆனால் கட்டுரையும் இரண்டு கடிதங்களும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

எது நல்ல கடிதம்? ஓர் உதாரணம் சொல்கிறேன். 'மின்சுற்றுப் பாடத்தில் நான் போட்ட விடை தப்பு என்று எழுந்து நின்றான். மறுநாள் பேட்டரியும் ஒயரும் கொண்டுவந்து இணைத்துக் காட்டினான். தப்பு அவன் பக்கம்தான். சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டு, எங்கே பிசகினான் என்பதை வகுப்புக்கே விளக்கினான்.' இந்த நாலு வரியை வேறு யாருக்கும் எழுத முடியாது. ஆசிரியருக்கு இப்படிப்பட்ட சம்பவங்களை ஞாபகப்படுத்தி ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். எழுதுவது அவராக இருக்கட்டும்.

விசா கதை தனி. இடம் கிடைத்த பிறகு கல்லூரி தரும் ஐ-20 படிவம், முதல் வருடப் பணத்துக்கு ஆதாரம், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கான நேர்காணல். விதிகள் அண்மையில் அடிக்கடி மாறுவதால் தூதரக இணையதளத்தை மட்டும் நம்புங்கள்.

'ஜே.இ.இ.க்குப் படித்துக்கொண்டே இதையும் செய்ய முடியுமா?' என்று கேட்பீர்கள். முடியும், ஆனால் ஜனவரியில் அல்ல. எம்.ஐ.டி. கடைசித் தேதி ஜனவரி முதல் வாரம், ஜே.இ.இ. மெயின் முதல் சுற்றும் அதே மாதம். கலிஃபோர்னியாவுக்கு நவம்பர் இறுதியை ஒட்டி. எனவே கட்டுரைகள் தீபாவளிக்குள் முடிந்திருக்க வேண்டும். கடிதத்தை அதற்கும் முன்னால், காலாண்டு விடுமுறை விடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். ஆசிரியருக்கும் அந்த ஒரு வாரத்தில்தான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கும்.