எல்எம்எஸ் தேர்வுக் குழுவில் இருக்கிறீர்களா? மதிப்பெண் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள்

வணக்கம். இன்றைக்குக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டிய விஷயம். ஒரு பல்கலைக்கழகம் தன் எல்எம்எஸ்ஸை, அதாவது பாடம், அசைன்மென்ட், மதிப்பெண் எல்லாவற்றையும் இணையத்தில் நடத்தும் கற்றல் மேலாண்மை மென்பொருளை, மாற்ற முடிவெடுத்தால் முதலில் குழு போடுவார்கள். ஒவ்வொரு துறையிடமும் என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்டு எக்செல் தாளில் எழுதுவார்கள். 200 வரி சுலபமாகச் சேர்ந்துவிடும். நிறுவனங்களுக்கு அனுப்பினால் ஏறக்குறைய எல்லா வரிக்கும் ‘உண்டு’ என்றே பதில் வரும்.

நான் அப்படியொரு குழுவில் இருந்திருக்கிறேன். மூன்று நிறுவனங்கள் டெமோ காட்டின. மூன்றுமே பளிச்சென்று இருந்தன. மாதிரிப் பாடத்தில் பத்து மாணவர்கள். பத்துப் பேரும் எல்லா அசைன்மென்டையும் நேரத்துக்குக் கொடுத்திருந்தார்கள். நம் வகுப்பு அப்படியா இருக்கிறது?

அப்போது குழுவில் இருந்த ஓர் ஆசிரியை, “நான் செய்து பார்க்கிறேன்” என்று மவுஸை வாங்கினார். அவர் செய்தது தன் வழக்கமான வேலைதான். ஐந்து அசைன்மென்டில் குறைந்த மதிப்பெண் ஒன்றை நீக்கிவிட்டு மீதி நான்கை எடுக்க வேண்டும். உடம்பு சரியில்லாத ஒரு மாணவருக்கு மட்டும் கெடுவை ஒரு வாரம் தள்ள வேண்டும். ஒரு தளத்தில் இதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. முடித்துவிட்டுப் பார்த்தால், ஒரே ஓர் அசைன்மென்ட் கொடுத்த மாணவருக்கு 90 சதவீதம் காட்டியது! கொடுக்காததை அது பூஜ்யமாக எடுக்கவில்லை, கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பல எல்எம்எஸ்களில் காலிக் கட்டத்தை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவதுதான் வழக்கம். செமஸ்டர் நடுவில் அது நியாயமும்கூட. இன்னும் திருத்தாத தாளுக்குப் பூஜ்யம் போட முடியாதே. ஆனால் அதை எங்கே மாற்றுவது, யார் மாற்றலாம் என்று தெரியாமல் வாங்கினால், பாஸ் என்று நம்பியிருந்த பிள்ளைக்குக் கடைசி வாரத்தில்தான் உண்மை தெரியும். 200 வரியில் ‘மதிப்பெண் பதிவேடு உண்டா’ என்று ஒரு வரிதான் இருந்தது. எனக்கு அந்த நாள் இன்னும் மனத்தில் நிற்கிறது.

அதனால், போன செமஸ்டரில் உங்களை வாட்டிய மூன்று வேலைகளை எழுதுங்கள். சோதனைத் தளத்தைக் கேட்டு வாங்கி, உங்கள் ஆசிரியர்களையும் மாணவர்களையும் செய்ய விடுங்கள். நிறுவனத்து ஆள் பக்கத்தில் நின்று வழி சொல்லக் கூடாது. திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை நம்பிப் படிக்கும் மாணவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் அமைய வகுத்த டபிள்யூசிஏஜி 2.2 விதிகளுக்கு உட்பட்டது என்று காகிதத்தில் இருக்கலாம். வினாடி வினாவில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவரால் அடுத்த கேள்விக்குப் போக முடிகிறதா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

செலவைப் பற்றி ஒன்று மட்டும். மூடுல் என்ற எல்எம்எஸ் 2002 முதல் திறமூல மென்பொருளாகக் கிடைக்கிறது, உரிமக் கட்டணம் கிடையாது. ஆனால் சர்வர், பதிப்பு உயர்த்துவது, நள்ளிரவில் தளம் விழுந்தால் எழுந்து பார்க்கும் ஆள், இவற்றுக்கெல்லாம் பணம் வேண்டும். அதையும் சேர்த்து ஐந்து வருடக் கணக்குப் போடுங்கள்.

சரி, யாரும் கேட்காத கேள்விக்கு வருகிறேன். நாளைக்கு வெளியேற வேண்டுமென்றால் எப்படி? வெப்சிடி என்ற எல்எம்எஸ் ஒரு காலத்தில் பல பல்கலைக்கழகங்களில் ஓடியது. 2006-இல் போட்டி நிறுவனமான பிளாக்போர்டு அதை வாங்கிக்கொண்டது. 2009-இல் ஏஞ்சல் என்ற இன்னொரு எல்எம்எஸ்ஸையும் வாங்கியது. இரண்டும் பிறகு நிறுத்தப்பட்டன. அவற்றில் பாடம் வைத்திருந்தவர்கள் இடம்பெயர்ந்தே ஆக வேண்டியிருந்தது. அப்படி மாறும்போது ‘காமன் கார்ட்ரிஜ்’ என்ற பொது வடிவத்தில் பாடங்களையும் வினாக்களையும் எடுத்துப் போகலாம். மாணவர்கள் சமர்ப்பித்த தாள்களும் மதிப்பெண்களும் அதில் வராது. மறுமதிப்பீடு கேட்டு ஒரு மாணவர் வந்தால் அவருடைய தாள் எங்கே இருக்கும்?

ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாள் தரவு இருக்கும், எந்த வடிவத்தில் தருவார்கள், அதற்குத் தனிக் கட்டணமா என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாக ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் ஏற்காதீர்கள். எங்கள் குழு இவற்றை எழுதிய ஒப்பந்தப் பக்கத்தை வாங்க மூன்று வாரம் காத்திருந்தது. அது வந்த பிறகுதான் கையெழுத்திட்டோம்.